பூட்டிய காடு, அணையில்லா ஆறு: கேட்டவையும் சொன்னவையும்

அமெரிக்கப் பொது நிலங்களில் உள்ள காடுகளையும் ஆறுகளையும் காக்கும் 1964, 1968 சட்டங்களைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். நான் வக்கீல் இல்லை. ஐடஹோ மாநிலத்தில் குடியிருக்கிறேன், கோடையில் காட்டுப்பாதை சீர்செய்யும் தன்னார்வலர்களோடு போவேன், அவ்வளவுதான்.

மலைக்குருவி: அண்ணா, தேசியப் பூங்கா என்றாலே பாதுகாப்புதானே? வனாந்தரச் சட்டம் என்று தனியாக எதற்கு?

பூங்காவுக்குள் ரோடு வரும், ஹோட்டல் வரும். கோடையில் யோசெமிட்டியில் கார் நிறுத்த இடம் தேடி அலைந்தவர்களைக் கேளுங்கள். 1964 செப்டம்பர் 3 அன்று அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட வனாந்தரச் சட்டம் அதற்கு மேல் போடுகிற இரண்டாவது பூட்டு. நிலம் பூங்காத் துறையிடம் இருந்தாலும் வனத்துறையிடம் இருந்தாலும் நிரந்தர ரோடு, மோட்டார், கட்டடம் கிடையாது. யோசெமிட்டியிலேயே தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இந்தப் பூட்டுக்குள்தான் இருக்கிறது. சாவி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம். ஓர் இடத்தைச் சேர்க்கவும் நீக்கவும் அங்கேதான் சட்டம் போட வேண்டும். தொடங்கியபோது 54 இடங்கள், 91 லட்சம் ஏக்கர். இன்று 800க்கு மேல், 11 கோடி ஏக்கரைத் தாண்டிவிட்டது. பாதி அலாஸ்காவில்.

ரம்பக்காரன்: பாதையில் மரம் விழுந்தால் மெஷின் ரம்பம்கூடக் கூடாதாமே?

அவசரகாலம் போன்ற சில விலக்குகள் தவிர, கூடாது. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடிக்கும் நீள ரம்பம்தான். உங்கள் பக்கம் இழுக்கலாம், எதிராளி இழுக்கும்போது தள்ளக் கூடாது. தள்ளினால் தகடு வளைந்து மாட்டிக்கொள்ளும். முதல் நாள் இதற்காகவே எனக்கு நல்ல திட்டு. சாணை பிடித்த ரம்பமென்றால் தூள் உதிராது, சேமியா மாதிரி நீளநீளமாக விழும். சைக்கிளுக்கும் தடை. சக்கர நாற்காலிக்கு அனுமதி உண்டு.

ஓடக்காரன்: ஆற்றை எப்படிப் பூட்டுவது? கரையில் பட்டா நிலம் இருக்குமே?

அணையைத் தடுப்பதுதான் 1968 அக்டோபர் 2 சட்டத்தின் உயிர்நாடி. பட்டியலில் சேர்ந்த ஆற்றுப்பகுதியில் புதிய நீர்மின் அணைக்கு மத்திய ஆணையம் உரிமம் தர முடியாது. இரு கரையிலும் சராசரியாகக் கால் மைல் அகலத்துக்குக் காப்புப் பட்டை. அதற்குள் தனியார் நிலம் இருந்தாலும் அதில் என்ன கட்டலாம் என்று மத்திய அரசு விதி போட முடியாது. 'காட்டாறு', 'எழில் ஆறு', 'பொழுதுபோக்கு ஆறு' என மூன்று வகை. மூன்றாவது வகையில் கரையோரம் ரோடும் வீடும்கூட இருக்கும், அணை மட்டும் வராது. முதலில் சேர்ந்தவை எட்டு ஆறுகள். இன்றும் அந்த நாட்டு ஆறுகளின் மொத்த நீளத்தில் அரை சதவீதம்கூடத் தேறாது.

செந்தாமரை: இதெல்லாம் யார் மூளையில் உதித்தது?

வனாந்தரச் சட்டத்தின் வரைவை எழுதியவர் ஹோவர்ட் ஸானிஸர். 1950களில் கொலராடோ-யூட்டா எல்லையிலுள்ள எக்கோ பார்க் பள்ளத்தாக்கில் அணை கட்டவிடாமல் தடுத்த கூட்டத்தில் முன்னால் நின்றவர். (எக்கோ பார்க் அணையைக் கைவிட்ட அதே 1956 சட்டம்தான் க்ளென் கேன்யன் அணைக்கு வழிவிட்டது. க்ளென் கேன்யன் பள்ளத்தாக்கு மூழ்கிய வருத்தம் பலருக்கு இன்னும் ஆறவில்லை.) அறுபதுக்கும் மேற்பட்ட வரைவுகள், எட்டு வருடம். கையெழுத்தாவதற்கு நான்கு மாதம் முன்பு, மே மாதத்தில் காலமாகிவிட்டார்.

குதர்க்கன்: மாடு மேய்க்கலாம், 1983 கடைசி வரை சுரங்க உரிமை கோரலாம் என்றும் எழுதியிருக்கிறார்களே. ஓட்டைச் சட்டம்தானே?

ஓட்டைதான். அந்த ஓட்டைகள் இல்லாமல் மேற்கு மாநில ஓட்டு விழுந்திருக்காது. எனக்கு உறுத்துவது வேறு. மனிதன் அங்கே தங்காமல் வந்துபோகும் விருந்தாளி என்கிறது சட்டம். எங்கள் ஐடஹோவில் சால்மன் ஆற்றின் நடுக்கிளையில் போனால் பாறைகளில் சிவப்பு ஓவியங்கள் தெரியும். அங்கே வாழ்ந்த துக்குடேகா பழங்குடி மக்களை 1879இல் ராணுவம் பிடித்து வெளியேற்றியது. விருந்தாளி என்ற அந்தச் சொல்லை அவர்கள் வீட்டில் வைத்து எழுதியிருக்கிறோம்.

பரிசல்: அந்த நடுக்கிளையில் அடுத்த வருடம் நாங்கள் போக வேண்டும், வழி சொல்லுங்கள் சார்.

கோடையில் சொந்தமாகப் படகு விட அனுமதிச் சீட்டு குலுக்கலில்தான். டிசம்பர் 1 முதல் ஜனவரி 31க்குள் விண்ணப்பியுங்கள். விழாவிட்டால் உரிமம் பெற்ற படகுக் கம்பெனிகள் இருக்கின்றன, செலவு கூடுதல். தீ மூட்டத் தட்டு கொண்டு போக வேண்டும், சாம்பலோடு திரும்ப வேண்டும். மலமும் அப்படித்தான், மூடி போட்ட பெட்டியில் உங்களோடேயே படகில் வரும். அதை யார் படகில் ஏற்றுவது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.