கண்ணில் கோளாறில்லை, ஆனால் போர்டைப் பார்த்து எழுத வரவில்லை

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு படிக்கிறான். டிஸ்பிராக்ஸியா (கை, கால் அசைவுகளைத் திட்டமிட்டு ஒருங்கிணைப்பதில் வரும் சிரமம்) என்று போன வருடம் சொன்னார்கள். பார்வை சரியாக இருப்பதாகக் கண் டாக்டர் சொல்கிறார். ஆனால் போர்டைப் பார்த்து எழுதினால் வரிகளை விட்டுவிடுகிறான். கணக்கில் இலக்கங்கள் இடம் மாறிப் போகின்றன. எதிரிலேயே கிடக்கும் ஸ்கேலைக் காணோம் என்கிறான். ஒரு மையத்தில் கண் பயிற்சியும் கலர் கண்ணாடியும் தருவதாகச் சொல்லிப் பெரிய தொகை கேட்கிறார்கள். கட்டலாமா? வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: பணத்தை இப்போதைக்குக் கட்டாதீர்கள். கண் டாக்டர் எதையெல்லாம் பார்த்துவிட்டு ‘சரி’ என்றார் என்று முதலில் கேளுங்கள். சுவரில் உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொன்னால் தூரப்பார்வை தெரியும், அவ்வளவுதான். சொட்டு மருந்து விட்டுப் பவர் பார்த்தார்களா, கிட்டத்தில் பார்க்கும்போது இரண்டு கண்ணும் ஒன்றாகக் குவிகின்றனவா என்பதும் தெரிய வேண்டும். குவிதலில் குறை இருந்தால் எழுத்து இரண்டாகத் தெரியும், படித்தால் தலை வலிக்கும். அந்தக் குறைக்குக் கண் பயிற்சி நிஜமாகவே உதவும். 2008-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 9 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் பலருக்கு 12 வாரப் பயிற்சியில் அது நன்றாகக் குறைந்தது. ஆனால் 2019-ல் வந்த அடுத்த ஆய்வில், அந்தப் பயிற்சியால் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் தனியாக உயரவில்லை என்று தெரிந்தது. கலர் கண்ணாடி கற்றல் சிரமத்தைத் தீர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-லேயே கூட்டாக அறிவித்துவிட்டார்கள்.

சரி, கண்ணில் குறை இல்லையென்றால் சிக்கல் எங்கே? கண் கொண்டுவந்ததை மூளை ஒழுங்குபடுத்திக் கைக்கு அனுப்பும் இடத்தில். போர்டைப் பார்த்து எழுதுவது நமக்கு ஒரே வேலை. உங்கள் பையனுக்கு அது ஏழெட்டு வேலை: நிமிர்ந்து வரியைத் தேட வேண்டும், சொல்லை மனதில் பிடிக்க வேண்டும், குனிய வேண்டும், நோட்டில் விட்ட இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், பென்சிலை ஓட்ட வேண்டும், மறுபடி நிமிர்ந்தால் விட்ட வரியைத் திரும்பவும் தேட வேண்டும். கை ஓட்டமே கவனத்தை எல்லாம் தின்றுவிடுவதால் மனதில் பிடித்தது நழுவிவிடுகிறது. அதனால் ஒவ்வோர் எழுத்துக்கும் நிமிர்கிறான். நிமிரும் ஒவ்வொரு தடவையும் வரி தவற ஒரு வாய்ப்பு.

ஆகவே நிமிரும் தடவைகளைக் குறைக்க வேண்டும். சொல்லை முழுதாகப் படித்து, வாய்க்குள் ஒரு முறை சொல்லிவிட்டு, அப்புறம் குனிந்து எழுதட்டும். எழுதாத கையின் விரல் நோட்டில் விட்ட இடத்தில் இருக்கட்டும். டீச்சரிடம் இரண்டே விஷயம் கேளுங்கள்: போர்டுக்கு நேர் எதிரே, முன் வரிசையில் இடம், போர்டில் வரிகளுக்கு எண், அல்லது ஒரு வரி வெள்ளை, ஒரு வரி மஞ்சள் சாக்பீஸ். நீளமான பாடமாக இருந்தால் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதவோ ஜெராக்ஸ் ஒட்டிக்கொள்ளவோ விட்டுவிடலாம். காப்பி எடுப்பதில் தேறுவதா பாடம் படிப்பதா என்று வந்தால், நான் பாடத்தின் பக்கம்தான்.

தமிழ் எழுத்தில் இந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதல் சோதனை ஒன்று உண்டு. ‘கோ’ என்பதில் காதில் முதலில் விழுவது ககரம், கை முதலில் போட வேண்டியதோ கொம்பு. எழுத்தின் இரு பக்கமும் குறி வருவதால் இடம் விட்டுத் திட்டமிட வேண்டும். இதற்கு நம் பழைய வாத்தியார்கள் சொல்லிக்கொடுத்த வழியே நல்ல வழி: “இரட்டைக் கொம்பு, க, துணைக்கால்” என்று வாயால் சொல்லிக்கொண்டே எழுதுவது. கண் தடுமாறும் இடத்தில் வாய் வழிகாட்டும். கனடாவில் ஹெலன் பொலட்டாய்க்கோவும் ஏஞ்சலா மாண்டிச்சும் உருவாக்கிய முறையும் கிட்டத்தட்ட இதே திசையில்தான் போகிறது: என்ன செய்யப் போகிறேன், எப்படிச் செய்வேன், செய்கிறேன், சரியாக வந்ததா என்று பிள்ளையே தனக்குச் சொல்லிக்கொண்டு ஒரு வேலையைப் பழகுவது. திட்டத்தை நீங்கள் போட்டுக் கொடுத்துவிடக் கூடாது. “எங்கே தப்பாச்சு?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பெற்றோருக்கு இந்தக் காத்திருப்புதான் கஷ்டம்.

கணக்குக்குக் கட்டம் போட்ட நோட்டு வாங்குங்கள், கட்டம் பெரியதாக இருக்கட்டும். கிடைக்காவிட்டால் கோடு போட்ட நோட்டைப் பக்கவாட்டில் திருப்பினால் கோடுகள் நெடுக்காக வந்துவிடும். ஒன்று, பத்து, நூறு ஒவ்வொன்றும் தன் பத்தியில் நிற்கும். படமும் கலர் பெட்டியுமாக நெரிசலான பாடப்புத்தகப் பக்கத்தில், அட்டையில் ஒரு ஜன்னல் வெட்டி வைத்து, தேவையான பகுதி மட்டும் தெரியும்படி செய்யலாம். ஸ்கேல் விஷயத்தில் பையனைத் திட்டாதீர்கள், மேசையைக் காலி செய்யுங்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியும் பவுச், அதில் நான்கே பொருள். தேடும்போது இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக என்று ஒரு ஒழுங்கைப் பழக்குங்கள்.

பல்லாங்குழி ஆடினால் கையெழுத்து சீராகும், புள்ளிக்கோலம் போட்டால் கணக்கு வரும் என்று வாட்ஸாப்பில் வரும். ஆடட்டும், போடட்டும், சந்தோஷமான விஷயங்கள். ஆனால் புள்ளியை இணைக்கும் ஒர்க்‌ஷீட்டை நூறு செய்தால் அதில்தான் கெட்டிக்காரன் ஆவான். போர்டைப் பார்த்து எழுதுவது தானாக வந்துவிடாது. எந்த வேலை வர வேண்டுமோ அதையே சின்னச் சின்னதாக உடைத்து, தினம் பத்துப் பதினைந்து நிமிடம் பழக்குவதற்குத்தான் இப்போது உலகளவில் நல்ல ஆதரவு இருக்கிறது. ஓ.டி. தெரபிஸ்டிடம் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) போனால் “எந்தப் பயிற்சி?” என்பதைவிட “எந்த வேலைக்காக?” என்று கேளுங்கள். அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்து இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் 18 வயது வரை கட்டணமின்றிப் பார்ப்பார்கள்.

முன்பு நன்றாகச் செய்த வேலை இப்போது வராமல் போனாலோ, தலைவலியோடு வாந்தி, இரட்டைப் பார்வை வந்தாலோ அதை டிஸ்பிராக்ஸியா கணக்கில் எழுதாதீர்கள். உடனே நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, மாற்றுத்திறனாளி சான்றிதழ். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்ற வகைக்குள் டிஸ்பிராக்ஸியாவின் பெயரே இருக்கிறது. பள்ளி “இதெல்லாம் லிஸ்டில் கிடையாது” என்றால் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் காட்டுங்கள். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்க இந்தச் சான்றிதழ் தேவைப்படும். அலைச்சல் பிடிக்கும் வேலை, பத்தாம் வகுப்பு வரும்வரை தள்ளிப் போடாதீர்கள்.