செட் விழுந்தால் எவ்வளவு கட்டுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நெவாடாவில், ஹென்டர்சனில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் லாஸ் வேகாஸ் போய், 1-2 டாலர் நோ லிமிட் ஹோல்டம் போக்கர் மேஜையில் 200 டாலரோடு உட்காருவேன். போன வாரம் இரண்டு முறை ஜோடி ஏழு வந்தது. இரண்டு முறையும் ஃப்ளாப்பில், அதாவது மேஜையில் முதலில் விரியும் மூன்று பொதுச் சீட்டில், மூன்றாவது ஏழு விழுந்து செட் சேர்ந்தது. இரண்டிலும் நான்தான் பந்தயத்தை 8 டாலருக்கு ஏற்றி ரெய்ஸ் செய்திருந்தேன், பிக் பிளைண்டில் (கட்டாயமாக 2 டாலர் வைக்கும் இடம்) இருந்தவர் மட்டும் கூட வந்தார். முதல் கையில் ராஜா, 7, 2, மூன்றும் மூன்று சின்னம். அவர் பணம் கட்டாமல் செக் செய்தார், நான் 15 கட்டினேன், உடனே சீட்டை வீசிவிட்டார். இரண்டாவது கையில் இஸ்பேட் ராணி, இஸ்பேட் 7, டைமண்ட் 3. இந்த முறை ஓடவிடக் கூடாது என்று நானும் செக் செய்தேன். டர்னில், அதாவது நான்காவது சீட்டாக, இஸ்பேட் 2. அவர் 15 கட்டினார், நான் 50 ஆக்கினேன், அவரும் அதே அளவு கொடுத்துக் கால் செய்தார். ரிவரில், கடைசிச் சீட்டில், 80 கட்டினார், கொடுத்தேன். அவர் காட்டியது இஸ்பேட் ஏஸ், இஸ்பேட் ஜாக்கி, ஐந்தும் ஒரே சின்னமாக ஃப்ளஷ். 138 டாலர் போயிற்று. கட்டினால் ஓடுகிறார்கள், சும்மா இருந்தால் இஸ்பேட் வருகிறது. செட்டை எப்படித்தான் ஆடுவது? எதிராளியிடம் இன்னும் பெரிய செட் இருந்தால்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதல் கையை நீங்கள் சரியாகவே ஆடியிருக்கிறீர்கள். அதில் 17 டாலர்தான் கிடைத்தது என்ற வருத்தம்தான் இரண்டாவது கையைக் கெடுத்திருக்கிறது.

நம்மில் பலர் முதலில் சீட்டைப் பிடித்தது ரம்மியில். அங்கே செட் சேர்ந்தால் மூச்சு விடாமல் வைத்திருந்து, டிக் அடிக்கும்போதுதான் விரிப்போம். அந்தப் பழக்கம் ஹோல்டமில் வேண்டாம். இரண்டு ஏழு உங்கள் கையில் கவிழ்ந்து கிடக்கிறது, மேஜையில் தெரிவது ஒரே ஒரு ஏழு. உங்கள் கை ஏற்கெனவே மறைந்துதான் இருக்கிறது. நீங்கள் பணம் கட்டுவதால் அது வெளியே தெரிந்துவிடாது. ரெய்ஸ் செய்து வந்தவர் ஃப்ளாப்பிலும் கட்டுவதை எல்லோரும் தினமும் பார்க்கிறார்கள். நீங்கள் திடீரென்று கட்டாமல் இருந்தால்தான் கவனிக்கிறவன் நிமிர்ந்து உட்காருவான்.

இப்போது கணக்குக்கு வருவோம். மேஜைக்காரர் எடுக்கும் கமிஷனை விட்டுவிடலாம். நடுவில் சேர்ந்த பணம், அதாவது பாட், உங்கள் 8, அவர் 8, ஸ்மால் பிளைண்டின் 1 சேர்த்து 17 டாலர். உங்கள் இருவரிடமும் மிச்சம் ஆளுக்கு 192. அந்த 192-ஐ மூன்று சுற்றில் உள்ளே கொண்டுவர வேண்டும். ஃப்ளாப்பில் பாட் அளவுக்கே 17 கட்டி அவர் கால் செய்தால் பாட் 51. டர்னில் 51 கட்டினால் 153. உங்களிடம் மிச்சம் 124, பாட் 153, ரிவரில் ஆல் இன், அதாவது இருப்பதையெல்லாம் வைப்பது, இயல்பான ஒரு பந்தயமாகிவிடும். ஃப்ளாப்பில் செக் செய்துவிட்டு அதே மாதிரி பாட் அளவு கட்டிப் பாருங்கள். டர்னில் 17, ரிவரில் 51, மொத்தம் 68. மீதி 124 அவர் முன்னால் அப்படியே அடுக்கி இருக்கும். கட்டாமல் விட்டது ஃப்ளாப்பில் வெறும் 17 என்று தோன்றும். இழந்தது 124. மூன்று சுற்றும் பாதிப் பாதியாகக் கட்டினாலும் 60 டாலர்கூட உள்ளே வராது. முக்கால் பாட் கட்டினால் 125 வரும். 1-2 மேஜையில் ஒரு ஜோடி வைத்திருப்பவர் மூன்று முறையும் கால் செய்கிறவராக இருப்பதால், நான் முக்காலுக்குக் கீழே இறங்குவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. கையில் ஜோடியோடு ஃப்ளாப் பார்த்தால் செட்டோ அதற்கு மேலோ விழுவது சுமார் 11.8 சதவீதம், எட்டரை முறைக்கு ஒரு முறை. 8 டாலர் கொடுத்து ஏழரை முறை தவறினால் 60 டாலர். அந்த ஏழரையில் சிலவற்றைத் துணிந்து கட்டியே நீங்கள் ஜெயிப்பீர்கள், சரி. ஆனாலும் விழுந்த அந்த ஒரு முறைதான் பெரும்பாலான பாக்கியைத் தீர்க்க வேண்டும். 20, 30 டாலர் பாட்டால் அது தீராது.

அப்புறம் அந்த முதல் கை. ஜோடி இல்லாத இரண்டு சீட்டு ஃப்ளாப்பில் ஜோடி சேர்வது ஏறக்குறைய மூன்றில் ஒரு முறைதான். அவரிடம் ஒன்றும் இல்லை, போய்விட்டார். 15-க்குப் பதில் 5 கட்டியிருந்தாலும் அவரிடமிருந்து பெரிதாக எதுவும் வந்திருக்காது. நீங்கள் குறிவைக்க வேண்டியது ராஜா வைத்திருப்பவரை. ராஜா, 7, 2 மேஜையில் உங்களிடம் ஜோடி ஏழு என்றால் இன்னும் மூன்று ராஜா, நான்கு ஏஸ் வெளியே இருக்கின்றன, ஏஸ்-ராஜா பன்னிரண்டு விதமாக எதிராளி கையில் இருக்கலாம். அப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சீட்டைத் திரும்பத் தூக்கிப் பார்க்கக்கூட மாட்டார், அதன் மேல் ஒரு சிப்பை வைத்துவிட்டு அடுக்கிலிருந்து எண்ணத் தொடங்கிவிடுவார். அவருக்கு ஃப்ளாப்பில் 12 டாலரும் 17 டாலரும் ஒன்றுதான்.

ஆனால் அதே மேஜையில் உங்களிடம் ஜோடி ராஜா இருந்தால் கதை வேறு. மிச்சம் ஒரே ராஜா, ஏஸ்-ராஜா நான்கு விதம்தான். கால் செய்ய வேண்டிய சீட்டே உங்கள் கையில் இருக்கிறது. ஒரே எதிராளி, மூன்றும் மூன்று சின்னம், துரத்த எதுவும் இல்லை என்றால், ஒரு சுற்று செக் செய்து அவருக்கு ஏதாவது சேர விடலாம். ஃப்ளாப்பில் செக் செய்வதை நான் ஒப்புக்கொள்வது அநேகமாக இந்த ஓர் இடத்தில்தான். மூன்று பேர், நான்கு பேர் பாட்டில் இருந்தால் அங்கேயும் கட்டுவேன்.

இரண்டாவது கை முழுக்க வேறு. இரண்டு இஸ்பேட் மேஜையில், அவர் கையில் இரண்டு. மிச்சம் ஒன்பது இஸ்பேட், அவர் பார்க்காத சீட்டு 47. அடுத்த சீட்டில் ஃப்ளஷ் அடிப்பது ஐந்தில் ஒரு முறை. நீங்கள் 17 கட்டியிருந்தால், 34-ஐ ஜெயிக்க அவர் 17 கொடுக்க வேண்டும், மூன்றில் ஒரு முறையாவது அடித்தால்தான் அவருக்குக் கட்டுப்படி. பெரும்பாலும் அவர் கொடுத்திருப்பார், ஏஸ் ஃப்ளஷ்ஷைத் துரத்துவதை யாரும் எளிதில் விடுவதில்லை. அந்த நஷ்டமான 17 டாலரை வாங்க வேண்டிய நேரத்தில் இலவசமாகச் சீட்டுக் காட்டினீர்கள்.

டர்னில் இஸ்பேட் வந்த பிறகு நீங்கள் 50 ஆக்கியதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அங்கே ராணி மட்டும் வைத்திருப்பவர் போய்விடுவார், ஃப்ளஷ் வைத்திருப்பவர் மட்டும் நிற்பார். கால் போதும். மேஜையில் ஏதாவது ஒன்று ஜோடி சேர்ந்தால் உங்களுக்கு ஃப்ளஷ்ஷை வெல்லும் ஃபுல் ஹவுஸ் (மூன்றும் ஒரு ஜோடியும்), கடைசி ஏழு வந்தால் நான்கும் சேரும். 46 சீட்டில் 10, சுமார் 22 சதவீதம். எனவே 15 டாலருக்கு வீசவும் வேண்டாம். கால் மட்டும் செய்திருந்தால் ரிவரில் பாட் 47 டாலர்தான். அவர் 30 கட்டி நீங்கள் கொடுத்திருந்தாலும் மொத்த நஷ்டம் 53-ல் நின்றிருக்கும்.

பெரிய செட் பற்றிக் கேட்டீர்கள். 2006-ல் தொலைக்காட்சியில் வந்த ஓர் ஆட்டத்தில், இருவரும் தொழில்முறை ஆட்டக்காரர்கள், டேனியல் நெக்ரானு கையில் ஜோடி ஆறு, கஸ் ஹேன்சன் கையில் ஜோடி ஐந்து, ஃப்ளாப்பில் 9, 6, 5. இருவருக்கும் செட். ஹேன்சனைக் காப்பாற்ற 45 சீட்டில் ஒரே ஒரு ஐந்து மிச்சம், டர்னில் அதுவே வந்தது. பாட் 5,75,700 டாலர் வரை போனது, நெக்ரானு கொடுத்தார். அங்கே வீசக்கூடிய ஆள் அபூர்வம், வீச வேண்டியதும் இல்லை. ராஜா, 7, 2 மேஜையில் ஏழு செட்டோடு 200 டாலர் உள்ளே போய் எதிரில் மூன்று ராஜா விரிந்தால், கொடுத்துவிட்டு இன்னொரு 200 வாங்கி உட்காருங்கள். அதே மேஜையில் ஏஸ்-ராஜாவோடு உங்களுக்குப் பணம் தருபவர்கள்தான் அதிகம்.