பிரித்துக் கொடுத்த குப்பையை வண்டியில் கலந்தால் என்ன செய்வது?
மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துக் கொடுத்தும் வண்டியில் ஒன்றாகவே கொட்டுகிறார்கள், இனி எதற்குப் பிரிப்பது என்று கோவையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பிரிப்பதை நிறுத்த வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பிரித்துக் கொடுக்கும் கடமையை வீட்டாருக்கும், பிரித்ததைக் கலக்காமல் கொண்டுசெல்லும் கடமையை உள்ளாட்சிக்கும் விதித்தன. ஆகவே வண்டி எண், நேரம், படம் ஆகியவற்றுடன் வார்டு சுகாதார ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். தூய்மைப் பணியாளரிடம் சண்டையிடுவதில் பயனில்லை, தடுப்பில்லாத வண்டியை அவர் கையில் கொடுத்தவர் வேறொருவர். அதுவரை காகிதம், அட்டை, கழுவி உலர்த்திய பால் உறைகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பழைய இரும்புக் கடையில் போடலாம். சமையலறைக் கழிவை, துளையிட்ட தொட்டியில் தென்னை நார்க்கழிவோடு (பொள்ளாச்சிப் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை) மாற்றி மாற்றி அடுக்கி, அவ்வப்போது கிளறிவிட்டால், நாற்றமின்றி இரண்டு மூன்று மாதங்களில் உரமாகிவிடும். நாப்கின், டயப்பர் போன்றவற்றை மட்டும் தனியே சுற்றி வண்டியிலேயே கொடுத்துவிடுங்கள்.