தீபாவளி நேரத்தில் நன்றி சொல்வதையும் கொடுப்பதையும் எப்படிப் பழக்கமாக்கிக்கொண்டீர்கள்?

உட்கார்ந்து யோசித்துப் பழகியதில்லை. எனக்கு அதை ஐப்பசி மூட்டம்தான் கற்றுக்கொடுத்தது.

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் வளர்ந்தவன் நான். அம்மா கொழுந்து பறிக்கிறார். லயனில் வீடுகளெல்லாம் ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டி இருக்கும். பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் நம் வீட்டில் இருமுவோம். தீபாவளி சமயம் வடகிழக்குப் பருவமழை வேறு. மூட்டம் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். காலையில் சுட்ட முறுக்கு, டப்பாவை நாலு தடவை திறந்து மூடினால் மறுநாளே நமுத்துப்போகும். அதனால் சுட்ட அன்றே பங்கு போட்டாக வேண்டும். மிச்சமானால் கொடுக்கலாம் என்கிற பேச்சுக்கே எங்கள் ஊரில் இடமில்லை.

நான் ஏழாவது படித்த வருஷம் தோட்டத்தில் கொடுத்த தீபாவளி போனஸ் வருஷச் சம்பளத்தில் 8.33 சதவீதம்தான். சட்டப்படி அதுதான் குறைந்தபட்சம், அதிகபட்சம் 20. இருபது வந்த வருஷம் லயன் முழுக்க எண்ணெய் வாசம் அடிக்கும். அந்த வருஷம் அந்த 8.33-ம் பண்டிகைக்கு முதல் நாள் சாயங்காலம்தான் கைக்கு வந்தது. அம்மா அடுப்பில் வாணலியே ஏற்றவில்லை. ராத்திரி பக்கத்து வீட்டுப் பெரியம்மா தூக்குவாளி நிறைய முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்தார். அவர் மகனுக்குத் திருப்பூரில் வேலை, பணம் அனுப்பியிருந்தான்.

"நிறையச் சுட்டுட்டேன், நமுத்துடும். பிள்ளைங்களுக்குக் குடு" என்றார். அவ்வளவுதான். உங்களிடம் இல்லையே என்று ஒரு பார்வைகூட இல்லை. அன்று சுட்ட அதிரசம் அத்தனை சீக்கிரம் கெடாது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

வாளியை வெறுமனே திருப்பித் தரக்கூடாது இல்லையா? அம்மா அதைக் கழுவிக் கவிழ்த்து மூன்று நாள் வைத்திருந்தார். அப்புறம் வீட்டுக்குப் பின்னால் கொடியில் இருந்து இரண்டு மேரக்காய், அதாவது சௌசௌ, பறித்துப் போட்டுக் கொடுத்தார். பெரியம்மா வீட்டுக் கொடியில் அப்போது பத்துக் காய் தொங்கிக்கொண்டிருந்தது! சாயங்காலமே அதே வாளியில், அதே மேரக்காய் கூட்டாகித் திரும்பி வந்தது.

இந்தப் போக்குவரத்தின் அருமை 2009 நவம்பரில்தான் புரிந்தது. அந்த மழையில் நீலகிரியில் மண்சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள், சாலைகள் துண்டித்துப்போயின. எந்த வீட்டில் அரிசி தீர்ந்திருக்கும் என்று எங்கள் லயனில் யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வாளி போய்வந்த வீடுகள்தானே.

இப்போது நான் குன்னூரில் இருக்கிறேன். தீபாவளியன்று விடிந்ததும் பட்டாசுக் குப்பை அள்ள வருகிறவர்களுக்கு ஒரு ஃபிளாஸ்க் டீயும் பலகாரமும் எடுத்து வைப்பேன். எண்ணெயிலிருந்து எடுத்த முதல் ஈடு அவர்களுக்கு, உடைந்த தூளெல்லாம் எனக்கு. கூடவே என் வாசல் குப்பையை நானே கூட்டிவிடுவேன்; அதைச் செய்யாமல் சொல்கிற நன்றியில் எனக்கு நம்பிக்கை இல்லை. கொடுக்கும்போது போட்டோ எடுப்பதும் எனக்கு ஆகாது. பெரியம்மாவின் அந்தப் பொய்யை மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன்: "நிறையச் சுட்டுட்டோம், நமுத்துடும்."

போன வருஷம் அம்மா லயனுக்குப் புதிதாக வந்த ஒரு ஜார்க்கண்ட் குடும்பத்துக்கு வாளியைக் கொடுத்துவிட்டார். இங்கே தோட்டங்களில் இப்போது அந்தப் பக்கத்து ஆட்கள் நிறைய. ஒரு வாரம் ஆகியும் வாளி வரவில்லை, அம்மா ஃபோனில் புலம்பினார். அப்புறம், சூரியனைக் கும்பிடுகிற அவர்களுடைய சட் பூஜை முடிந்து வந்து சேர்ந்தது. உள்ளே தேக்குவா. கோதுமை மாவும் வெல்லமும் பிசைந்து பொரித்தது.

பத்து நாள் கழித்து அம்மா மறுபடி கூப்பிட்டார். "அது இன்னும் நமுக்கவே இல்லடா. மாவில என்னதான் போடுறாங்கன்னு ஹிந்தில எப்படிக் கேக்கணும், சொல்லு."