முதல் துப்பாக்கியாக 1911 சரிவருமா, எதை மாற்றலாம்?

அமெரிக்காவில் முதன்முறையாகக் கைத்துப்பாக்கி வாங்குபவருக்கு 1911 என்ற மாடல் சரிவருமா, வாங்கியதும் எதை மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக வாங்கலாம். அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங்கின் வடிவமைப்பு இது. 1911 முதல் 1985 வரை அமெரிக்க ராணுவத்தின் முதன்மைக் கைத்துப்பாக்கி. 5 அங்குலக் குழல் கொண்ட முழு அளவு எஃகு மாடலையே எடுங்கள். சுமார் 1.1 கிலோ இருக்கும், அந்தக் கனம்தான் .45 (சுமார் 0.45 அங்குல விட்டமுள்ள) தோட்டாவின் உதைப்பை வாங்கிக்கொள்கிறது. குட்டி மாடல்கள் கையில் துள்ளும்.

வாங்குமுன் சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள். பிடியின் பின்பக்கம் ஒரு பாதுகாப்புத் தகடு உண்டு. உள்ளங்கை அதை முழுசாக அழுத்தாவிட்டால் விசையை இழுத்தாலும் சுடாது. சிலர் பிடிக்கும்போது அங்கே ஓர் இடைவெளி விழும். உங்களுக்கும் அப்படியென்றால், அந்தத் தகடு சற்றே புடைத்திருக்கும் மாடலைத் தேடுங்கள்.

மாற்றங்களைப் பிடித்தட்டிலிருந்து, அதாவது பிடியின் இருபக்கமும் உள்ள தட்டுகளிலிருந்து தொடங்குங்கள். பக்கத்துக்கு இரண்டு திருகுகள், அவ்வளவுதான். சிறிய கை என்றால் மெல்லிய தட்டு போடுங்கள், பெரிய வித்தியாசம் தெரியும். அப்புறம் குறிமுள், அதாவது குறிபார்க்க உதவும் மேல்பக்க முனை. பழைய பாணி மாடல்களில் அது மிகச் சிறியது, மங்கிய வெளிச்சத்தில் கண்ணுக்கே படாது.

விசையின் உள்பாகங்களை மட்டும் நீங்களே அரம் போட்டுத் தேய்க்காதீர்கள். சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் கொக்கி சரியாகப் பிடிக்காவிட்டால் அது தானாக விழுந்து சுட்டுவிடும். அதைத் தேர்ந்த துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.