டி.வி.யில் காட்டும் டிசைனர் புடவை 1,999 ரூபாய்க்குத் தகுமா?

கேள்வி: என் மாமியார் மதிய நேரத்தில் ஷாப்பிங் சேனல் பார்ப்பார். மும்பை டிசைனர் ஒருவரின் பெயர் போட்ட 'பனாரஸி சாஃப்ட் சில்க்' புடவை, எம்.ஆர்.பி. 7,999, இன்று மட்டும் 1,999, கூடவே நெக்லஸ் செட் இலவசம் என்று காட்டுகிறார்கள். தை மாதம் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். வீட்டுப் பெண்கள் நாலு பேருக்கும் இதிலேயே எடுத்துவிடலாம் என்கிறார். ஒன்றுக்கு ஆர்டரும் கொடுத்துவிட்டார்; பார்சல் வந்ததும் பணம் தர வேண்டும். விலைக்குத் தகுந்த புடவைதானா? – வாசகி, வலங்கைமான்.

பதில்: கல்யாணத்துக்குக் கட்டுவதற்கு என்றால் வேண்டாம். மற்ற மூன்று புடவைக்கு ஆர்டர் கொடுப்பதை உடனே நிறுத்துங்கள்.

26 வருடமாக ஜவுளிக் கடைகளுக்குப் புடவை கொள்முதல் செய்து கொடுக்கிறேன். சூரத்துக்கு வருடத்தில் நாலைந்து முறை போய் வருகிறேன். அங்கே ரிங் ரோடு மார்க்கெட்டில், பட்டு மாதிரி பளபளக்கும் பாலியஸ்டர் புடவைகள் மொத்த விலையில் 300, 400 ரூபாயிலிருந்து கிடைக்கின்றன. நீங்கள் எழுதியிருக்கும் வர்ணனையும் விலையும் அந்த வகைச் சரக்குக்குத்தான் பொருந்துகின்றன. அப்படியானால் 1,999 எப்படி வருகிறது? ஒளிபரப்பு நேரத்துக்குக் கட்டும் பணம், பேசிக் காட்டும் பெண்ணின் சம்பளம், கால் சென்டர், கூரியர், வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர்களின் பார்சல் செலவு, அந்த நெக்லஸ் எல்லாம் சேர்ந்துதான். துணிக்கு என்று போவது அதில் சிறு பங்கு. இதே துணியைக் கும்பகோணம் கடைத்தெருவில் 700, 800 ரூபாய்க்குத் தொட்டுப் பார்த்து, வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து எடுக்கலாம்.

உங்கள் மாமியார் 7,999ஐப் பார்த்து மயங்கியிருப்பார். எம்.ஆர்.பி. என்றால் அரசாங்கம் நிர்ணயித்த விலை என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். இல்லை. சரக்கைப் பாக்கெட் போடுபவர் தானே அச்சடித்துக்கொள்ளும் விலை அது. அச்சடித்ததற்கு மேல் விற்கக் கூடாது, சட்டம் கேட்பது அவ்வளவுதான். எவ்வளவு அச்சடிக்கலாம் என்பதற்கு, சில மருந்துகளுக்கு இருப்பது போல, துணிக்கு உச்சவரம்பு எதுவும் கிடையாது. 400 ரூபாய்ப் புடவையில் 7,999 என்று ஒட்டி, அதை அடித்துவிட்டு 1,999 என்று காட்டலாம். யாரும் வந்து கேட்பதில்லை. எடை குறைந்தால் தராசைப் பறிமுதல் செய்யும் அதிகாரிகள், இந்த 7,999க்கு அந்தப் புடவை ஒரு நாளாவது ஒரு கடையிலாவது விற்றதா என்று ஒரு கடிதம் போட்டுக் கேட்கலாமே. வியாபாரிகள் கூட்டத்தில் நான் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போய்விட்டேன்.

அடுத்து அந்த டிசைனர் பெயர். ஸ்டேஷனரி கடையில் பியர் கார்டின் பேனா பார்த்திருப்பீர்கள். பியர் கார்டின் பாரிஸில் பெரிய உடை வடிவமைப்பாளர், 2020இல் இறந்தார். தன் பெயரைப் பயன்படுத்திக்கொள்ள நூற்றுக்கணக்கான கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்துப் பணம் பார்த்தவர். நம் ஊரில் விற்கும் அந்தப் பேனாவை இந்தியக் கம்பெனி ஒன்றுதான் செய்கிறது. அது சட்டப்படி சரியான ஏற்பாடு, பேனாவும் எழுதுகிறது. ஆனால் அவர் உட்கார்ந்து அந்தப் பேனாவை வரைந்தார் என்று யாரும் நினைத்துக் கூடுதல் காசு கொடுக்கக் கூடாது, இல்லையா? புடவைக்கும் அப்படித்தான். சினிமா நட்சத்திரங்களுக்கு உடை தைக்கும் மும்பை டிசைனர்களின் சொந்தக் கடையில் புடவை விலையே பல பத்தாயிரங்களில்தான் ஆரம்பிக்கும். அவர்கள் 1,999க்கு ஒன்றைக் கொடுத்தால், கொடுப்பது பெயரை மட்டும்தான். அதுவும் அவர்கள் கொடுத்திருந்தால்.

போன ஆடியில் பக்கத்து வீட்டு அக்கா இரண்டு புடவை கொண்டு வந்தார்கள், டி.வி.யில் வாங்கியது. கருநீலத்தில் டிசைனர் பெயரை நெய்த லேபிள், பார்க்க அழகாக இருந்தது. இரண்டு ஓரத்தில் மட்டும் நாலு தையல் போட்டு நிறுத்தியிருந்தார்கள். லேசாகத் தூக்கிப் பார்த்தால் கீழே வேறொரு லேபிளைப் பிரித்த ஊசி ஓட்டைகள் வரிசையாக இருந்தன. புடவையின் உள் மடிப்பில் சூரத் சரக்கில் வரும் டிசைன் நம்பர் ஸ்டிக்கர், அதை எடுக்கக்கூட மெனக்கெடவில்லை. டேப் வைத்து அளந்தேன். ஐந்தரை மீட்டர் இருக்க வேண்டிய புடவை 5 மீட்டர் 20 சென்டி. அக்கா கொஞ்சம் பூசினாற்போல இருப்பார்கள். கொசுவம் மூன்று மடிப்புக்கு மேல் வரவில்லை. நெய்த லேபிள்கள் எந்தப் பெயரில் கேட்டாலும் ஆயிரக்கணக்கில் செய்து தர ஆள் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் அவர்களுக்குச் சொன்னேன்.

அப்புறம் 'சில்க்' என்ற சொல். பட்டுக்கு வெளியே அந்தச் சொல் ரொம்பச் சுற்றுகிறது. ஆர்ட் சில்க் என்றால் கலைநயம் மிக்க பட்டு என்று நினைப்பவர்கள் உண்டு. அது செயற்கைப் பட்டு என்பதன் சுருக்கம். சாஃப்ட் சில்க் நல்ல பட்டிலும் இருக்கிறது, பாலியஸ்டரிலும் இருக்கிறது. 'பனாரஸி' என்பதை வாரணாசியையே பார்க்காத துணிக்கும் சொல்லிவிடுகிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சில்க் மார்க் இருக்கிறதா? மத்திய பட்டு வாரியம் 2004இல் கொண்டுவந்த முத்திரை அது. ஹாலோகிராம் ஒட்டிய அட்டை, ஒவ்வொன்றுக்கும் தனி எண் இருக்கும். போனில் ஆர்டர் எடுக்கும் பெண்ணிடம் இதை நேராகக் கேளுங்கள். 'பியூர் குவாலிட்டிங்க மேடம்' என்று பதில் வந்தால் இல்லை என்று அர்த்தம். சில்க் மார்க் பட்டுக்கு மட்டும்தான் உத்தரவாதம், ஜரிகைக்குக் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

'இன்று மட்டும்', ஓடும் கடிகாரம், 'இன்னும் 14 பீஸ்தான்' பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 பிப்ரவரியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தவறான விளம்பரத்துக்காக நாப்தோல் என்ற டி.வி. ஷாப்பிங் நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. காட்டுவது பதிவு செய்த நிகழ்ச்சி என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், செயற்கையாகத் தட்டுப்பாடு காட்டக் கூடாது என்றும் உத்தரவிட்டது. நேரலை மாதிரி காட்டுவதெல்லாம் நேரலை அல்ல என்று அரசாங்கமே எழுத்தில் சொன்ன பிறகும், கடிகாரத்தைப் பார்த்து நம் பெரியவர்கள் பதற வேண்டாம். நாளைக்கும் அதே புடவை அதே விலைக்கு வரும்.

சரி, எதற்குமே வாங்கக் கூடாதா என்றால், ஒரே ஒரு இடத்தில் கணக்கு ஒத்துவரும். கல்யாணத்தில் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுக்கும் புடவைகள். சம்பந்தி வீட்டுத் தூரத்து உறவு, சீர் வரிசைத் தட்டு தூக்க வரும் பெண்கள், அக்கம்பக்கம் என்று இருபது முப்பது புடவை வேண்டியிருக்கும். அதற்கு டி.வி.யில் வரும் 'ஐந்து புடவை காம்போ' ஒன்றுக்கு 300 ரூபாய் அளவில் விழுந்தால், கடை விலைக்கு ஏறக்குறைய சரியாகத்தான் இருக்கும், அலைச்சலும் மிச்சம். ஆனால் அதிலும் டிசைனர் பெயர் போட்டதை எடுக்காதீர்கள். முதலில் ஒரே ஒரு காம்போ வாங்கி, ஐந்தையும் பிரித்து, நீளம் பார்த்து, வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டு மீதிக்குச் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே கைக்கு வந்துவிட வேண்டும்; கடைசி வாரத்தில் நிறம் மாறி வந்தால் திருப்பி அனுப்ப நேரம் இருக்காது. சமையல்காரருக்கு உதவியாக வரும் பெண்களுக்கு மட்டும் இந்தப் புடவையைக் கொடுக்க வேண்டாம். அடுப்படியில் பாலியஸ்டரில் நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அவர்களுக்கு ஒரு சாதாரண கைத்தறிப் பருத்திச் சேலை கொடுங்கள், வீட்டிலும் கட்டுவார்கள். வயதான பாட்டிகளுக்கும் பருத்திதான். வழுக்கும் புடவை அவர்கள் இடுப்பில் நிற்காது.

உங்கள் நாலு பேருக்கு நாலு புடவை என்றால் எட்டாயிரம் ரூபாய். நீங்கள் இருப்பது வலங்கைமானில். கும்பகோணம் வந்து மயிலாடுதுறை பஸ் பிடித்தால் திருபுவனம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பட்டு, நெசவாளர் கூட்டுறவுச் சங்கமே விற்கிறது. எட்டாயிரத்தில் நாலு பட்டுப் புடவை வராது, உண்மைதான். மணப்பெண்ணின் பாட்டியான உங்கள் மாமியாருக்கு மட்டும் ஜரிகை குறைந்த ஒரு நல்ல பட்டு எடுத்துவிட்டு, மற்ற மூவரும் இருக்கும் பட்டையே கட்டிக்கொள்ளலாம். இல்லை, எல்லாருக்கும் புதிது வேண்டும் என்றால் கோ-ஆப்டெக்ஸில் கைத்தறிப் பருத்தி, பட்டும் பருத்தியும் கலந்தது என்று பாருங்கள். ஜெனரேட்டர் புகையும் கூட்டமுமாக மண்டபத்தில் ஏழு மணி நேரம் உட்கார்ந்திருக்கப் பாலியஸ்டரைவிட அது எவ்வளவோ மேல்.

இதுவரை சொன்னதில் போவது ஆயிரம், இரண்டாயிரம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த பெரிய கவலை வேறு. உங்கள் மாமியார் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் மூன்றையும் கொடுத்து ஆர்டர் செய்துவிட்டார். இப்படி ஆர்டர் கொடுத்தவர்களின் பட்டியல் எப்படியோ வெளியே போய்விடுகிறது. இரண்டு மூன்று வாரத்தில் சேனலின் பெயரும் லோகோவும் போட்ட ஒரு கவர் தபாலில் வரலாம். உள்ளே சுரண்டும் அட்டை இருக்கும். சுரண்டினால் கார் விழுந்திருக்கும், இல்லாவிட்டால் பன்னிரண்டு லட்சம். உதவிக்கு என்று ஒரு நம்பரும் இருக்கும், அழைத்தால் நல்ல தமிழில் பேசுவார்கள். முதலில் பதிவுக் கட்டணம் 5,500 கேட்பார்கள். அப்புறம் ஜி.எஸ்.டி. என்று 12,000. அப்புறம் பேங்க் கணக்கைச் சரிபார்க்க ஓ.டி.பி. கேட்பார்கள். என் சித்தி இப்படி 17,500 ரூபாயை இரண்டே நாளில் இழந்தார். எங்களிடம் சொல்லவே ஒரு மாதம் ஆயிற்று, வெட்கம். புகார் கொடுக்கப் போன இடத்தில், 'நீங்களாத்தானே அனுப்பினீங்க' என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அறுபத்தெட்டு வயது மனுஷியிடம் கேட்கிற கேள்வியா அது?

அதனால் இன்றைக்கே மாமியாரிடம் உட்கார்ந்து சொல்லுங்கள்: புடவை வாங்கியதற்கு யாரும் கார் தர மாட்டார்கள், பரிசு வாங்க நாம் பணம் கட்டத் தேவையில்லை. கவர் வந்தால் பிரிக்காமல் உங்களிடம் தரச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள், அது சைபர் பண மோசடிக்கான உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வழி இருக்கிறது.

புடவையிலேயே ஏமாந்தால் 1915, அது தேசிய நுகர்வோர் உதவி எண். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் டெலிஷாப்பிங்கையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. நீங்கள் வசிக்கும் திருவாரூர் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டிய வழக்கை 5 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாய்தா வாங்கி வாங்கி அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். 1,999 ரூபாய்க்காக யார் நாலு தடவை லீவு போட்டு அலைவார்கள்? அந்தக் கணக்கு தெரிந்துதான் விற்கிறார்கள்.

வரப்போகும் பார்சலுக்கு வருவோம். பணம் கொடுக்காதவரை அது உங்களுடையது அல்ல. வேண்டாம் என்று கூரியர் பையனிடம் சொல்லித் திருப்பி அனுப்பலாம். அது குற்றம் இல்லை. 'ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்கவில்லை, கேஸ் போடுவோம்' என்று போன் வந்தால் பயப்படாமல் துண்டித்துவிடுங்கள். பணம் கொடுக்கும் முன் பிரித்துப் பார்க்க விடமாட்டார்கள், அதையும் எதிர்பாருங்கள்.

மாமியார் ஆசைப்பட்டு வாங்கியது, திருப்பி அனுப்பினால் மனசு கஷ்டப்படும் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். ஒட்டுப் பிரிக்கும் முன்பிருந்தே போனில் வீடியோ எடுங்கள். ஒட்டியிருக்கும் முகவரிச் சீட்டு அதில் தெரிய வேண்டும். நீளத்தை அளந்து பாருங்கள். புடவையின் பின்பக்கத்தில் நூல் தொங்குகிறதா என்றும் பாருங்கள்; கொலுசில் மாட்டினால் இழுத்துக்கொண்டு வந்துவிடும். முந்தியின் ஓரத்திலிருந்து பாவில் (நீளவாட்டில் ஓடுவது) ஒரு நூல், ஊடையில் (குறுக்கே ஓடுவது) ஒரு நூல், இரண்டு அங்குலம் எடுத்து இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டுங்கள். பட்டு என்றால் தலைமுடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் என்றால் உருகிச் சுருண்டு, கடுகு மாதிரி கெட்டியான உருண்டை நுனியில் நிற்கும். மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஆறியதும் அந்த நுனியை அவரே நசுக்கிப் பார்க்கட்டும்.