புறப்பரப்பு வேதியியலில் பிஎச்.டி.: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

சார், எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் உங்கள் மகள் நுண்துளைப் படலங்களில், அதாவது கண்ணுக்குத் தெரியாத துளைகள் கொண்ட மெல்லிய வடிகட்டும் ஏடுகளில், பிஎச்.டி. செய்ய வேண்டும் என்கிறாள். ஐந்து வருஷத்துக்குப் பிறகு வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். ஆனால் துறையின் பெயருக்காகக் கிடைக்காது. எந்த ஆய்வகத்தில் என்ன கற்றுக்கொண்டாள் என்பதை வைத்துத்தான் கிடைக்கும்.

முதலில், இது ஏட்டுச்சுரைக்காய் இல்லை. உங்கள் வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் உப்பைத் தடுப்பது, நுண்துளைத் தாங்கியின் மேல் படிந்த பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக் அடுக்கு. தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. சென்னைக்குத் தெற்கே நெம்மேலியில் கடல்நீர் குடிநீராவதும் திருப்பூர் சாயக் கழிவுநீர் மறுபடி பயன்பாட்டுக்கு வருவதும் இத்தகைய படலத்தால்தான். அதே இயந்திரத்தின் கார்பன் வடிகட்டியில் ஒரு கிராம் எடுத்தால், உள்ளே இருக்கும் பரப்பு ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர். நாலு கிரவுண்டுக்கு மேல்! மாசு அந்தப் பரப்பில்தான் ஒட்டிக்கொள்கிறது. பொருள்களின் மேற்பரப்பில் நடக்கும் இத்தகைய விஷயங்களைப் படிப்பதுதான் புறப்பரப்பு வேதியியல்.

2025-இல் வேதியியல் நோபல் உலோக-கரிமச் சட்டகங்களுக்குக் கிடைத்தது. உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்துக் கட்டிய, நுண்துளைகள் நிறைந்த பொருள்கள் அவை. கிடகாவா, ராப்சன், யாகி மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். அந்தச் செய்தியைப் பார்த்துத்தான் இந்த ஆசை வந்தது என்றால் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. அந்தப் பொருள்களில் பல ஈரம் பட்டால் சிதைந்துவிடும். தூளாகத் தயாரிப்பது ஒரு வேலை; விரிசல் விழாத மெல்லிய படலமாகப் பெரிய பரப்பில் பூசுவது வேறு வேலை. நிறுவனங்களுக்குத் தேவை இரண்டாவதைச் செய்யத் தெரிந்த ஆள். ஆகவே பிஎச்.டி. வழிகாட்டியாகப் போகும் பேராசிரியரைச் சந்திக்கும்போது அவள் கேட்க வேண்டியது: "உங்கள் படலத்தை நிஜக் கழிவுநீரில் ஒரு மாதம் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா?" காய்ச்சி வடித்த நீரில் மட்டும் சோதித்த ஆய்வகம் என்றால் நான் யோசிப்பேன்.

பரப்பளவை அளக்கும் பிஇடி கருவியும், மேற்பரப்பில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று காட்டும் எக்ஸ்பிஎஸ் கருவியும் அங்கேயே இருக்கின்றனவா, மாதிரியை வேறு ஊருக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டுமா என்பதையும் விசாரிக்கட்டும். முன்பு அங்கே படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். எங்கே சேரலாம் என்றால், படலத்துக்குக் குஜராத்தின் பாவ்நகரில் உள்ள சிஎஸ்எம்சிஆர்ஐ (மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனம்), மின்வேதியியல் பக்கம் சாய்ந்தால் காரைக்குடி செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்), தண்ணீர் என்றால் சென்னை ஐஐடி.

பணக் கவலைக்கு, நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்குவதே வழி. உதவித்தொகை முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. அது இல்லாமல் கைக்காசு போட்டுச் சேர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கல்யாணம் தள்ளிப்போகுமே என்றும் எழுதியிருந்தீர்கள். அது என் பாடம் இல்லை, சார், மகளிடமே கேளுங்கள்.

இந்தக் கோடை விடுமுறையில் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் இரண்டு மாதம் பயிற்சிக்கு அனுப்புங்கள். ஒரே படலத்தை இருபது முறை பூசியும் அலுக்கவில்லை என்றால் விண்ணப்பிக்கட்டும். அலுத்துவிட்டால், எம்.எஸ்சி.யோடு நீர்ப் பரிசோதனைக் கூடங்களிலும் சுத்திகரிப்பு நிறுவனங்களிலும் வேலை தேடலாம்.